சுண்டுவிரலுக்கு மட்டும் திறக்கும் பேங்க்

மகளே, முதலில் ஒரு மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் உன் பேங்க்காரர்கள் நம் தோட்டத்துக்கு வந்தார்களே, அன்று நீ காலையில் ஆட்களைப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கூடாரம் அடித்து, நீலக் குடை விரித்து, மைக்கைப் பிடித்துக்கொண்டு, “எங்க அம்மாவே போன்லதான் பேங்க் வேலையெல்லாம் பார்க்கிறாங்க. அம்மா, எங்க இருந்தாலும் கொஞ்சம் முன்னுக்கு வாங்க” என்று கூப்பிட்டாய். அப்போது உன் அம்மா, தோட்டத்துப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளைக்காம்பராவில், துணித் தொட்டில்களுக்குப் பின்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருந்தாள். வேலையாக இருந்தேன் என்று போனில் உன்னிடம் சொன்னது பொய். ஒளிந்திருந்தேன். நீ கூப்பிடக் கூப்பிட நான் பக்கத்துத் தொட்டிலை வேகமாக ஆட்டினேன். தொட்டிலுக்குள் இருந்த குழந்தை, ‘இவளுக்கு என்ன வந்தது’ என்று துணியை விலக்கி என்னை எட்டிப் பார்த்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. உன் மேனேஜர், டை கட்டின அந்தக் கழுத்துப் பட்டிப் பையன், கை கழுவத் தண்ணீர் தேடிக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குள்ளேயே வந்துவிட்டார். மூன்று வயசுக் குட்டி ஒன்று விரலை நீட்டி, “ஆயம்மா ஒளிஞ்சு வெளையாடுறாங்க” என்று காட்டிக்கொடுத்தது. எழுந்து நின்றேன். “நீங்கதான் மிஸ்ஸோட அம்மாவா?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். “இல்லைங்க சேர், நான் இங்க புள்ள பாக்க நிக்கிறவ” என்றேன். என் தலைக்கு நேர் மேலே, நீ பட்டம் வாங்கின போட்டோ தொங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் தாய்மார்கள் காலையும் மாலையும் பார்த்து வயிறெரியட்டும் என்று நானே ஆணியடித்து மாட்டினது. அதில் உன் பக்கத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறவள் கட்டியிருக்கும் அதே பச்சைச் சேலைதான் அன்றைக்கும் என் உடம்பில். அந்தப் பையன் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார். “சரிங்கம்மா” என்று சொல்லிவிட்டுக் கை கழுவாமலேயே போய்விட்டார். பெற்ற மகளை இல்லை என்று சொன்ன வாய் இது. அந்த வாயாலேயே இப்போது உனக்குப் புத்தி சொல்லப் போகிறேன். நீ சிரித்தாலும் சரி, வாசித்து முடி.

அன்றைக்கு உன் கூடாரத்துக்கு வந்தவர்கள் யார் யார் என்று எனக்கும் தெரியும். ஒருவர் உங்கப்பா. முன் வரிசையில் உட்கார்ந்து, மைக் சரியாக இருக்கிறதா என்று தட்டிப் பார்த்ததற்கே கை தட்டினார். இன்னொருவர் காலையிலேயே ‘போட்டுக்கொண்டு’ வந்து, நிழலுக்காகக் கதிரையில் சாய்ந்தவர். மத்தியானம் மலையிலிருந்து இறங்கினவர்களில், லயத்து வரிசை வீடுகளிலிருந்து ஒரு பொம்பளைகூட எட்டிப் பார்க்கவில்லை. பதுளைக்குத் திரும்பிப் போனதும் நீ எனக்கொரு குரல் செய்தி அனுப்பினாய். “நம்ம ஆளுங்களுக்கே நான் வேணாம்னா இங்க இருந்து என்னம்மா செய்யிறது? கொழும்புக்கு மாத்தம் கேட்டு எழுதிட்டேன். அடுத்த மாசக் கடைசியில சேர் மேல அனுப்பிருவார்.” அந்தக் குரலை எத்தனை தரம் கேட்டேன் என்று சொன்னால், இந்த வயசிலும் இவளுக்கு வேறு வேலை இல்லையா என்பாய். கொழும்புக்குப் போவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சம்பளம் கூட வேண்டுமென்று போ, கடல் பார்க்கப் போ, அங்கே எவனையாவது பிடித்திருந்தால் அதைச் சொல்லிவிட்டுப் போ. நம் ஆட்கள் உன்னை வேண்டாமென்றார்கள் என்று நினைத்துக்கொண்டு மட்டும் போகாதே. இந்த மாசக் கடைசிக்குள் அந்த விண்ணப்பத்தை நீ திருப்பி வாங்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கடிதம். வேண்டுமானால் உன் மேனேஜருக்கும் வாசித்துக் காட்டு. கழுத்துப் பட்டி என்று வரும் இடத்தை மட்டும் விரலால் மறைத்துக்கொள்.

அவர் சொன்னாராமே, “இந்த மக்களுக்கு விழிப்புணர்வு போதாது” என்று. அதைக் கேட்டுத்தான் எனக்குச் சுர்ரென்றது. இந்தத் தோட்டத்தில் யாருக்கு எப்போது விழிப்பு வருகிறது, யார் எதற்கு உணர்ச்சிவசப்படுகிறார்கள் என்பதெல்லாம் என் கணக்கில் இருக்கும் விஷயம். விடிந்தால் கொழுந்து பறிக்கப் போகும் ஒவ்வொரு தாயும் பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுத்தான் மலைக்கு ஏற வேண்டும். பிள்ளையைக் கொடுக்கும்போது ஒரு வார்த்தை, எடுக்கும்போது ஒரு வார்த்தை. அதில் புருஷன், மாமியார், வயிற்று வலி, பக்கத்துக் காம்பரா என எல்லாம் வந்துவிடும். உன் பேங்க் ஆராய்ச்சிக்கு ஆள் வைத்துக் காசு செலவழித்துக் கேட்கிற கேள்வியை, நான் பால் போத்தலைக் கழுவிக்கொண்டே கேட்டுவிடுவேன். இதை ஊர்வம்பு என்று நீ சொல்லுவாய். நீ படித்த படிப்பில் இதற்கு வேறு பெயர் இருக்கும்.

முதலில் நம் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன். சம்பளத்தைக் கையில் கொடுப்பதை நிறுத்தி, பேங்கில் போடத் தொடங்கிய காலத்தில் உங்கப்பாவுக்குக் காசு எடுக்கிற மெஷின் கார்டு வந்தது. நீ அப்போது சின்னப் பிள்ளை, ஞாபகம் இருக்காது. மனுசன் அதை உறையிலிருந்து எடுத்ததும் நேரே சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வெற்றிலை வைத்தார், பழம் வைத்தார். புதுச் சைக்கிளுக்கு, புது ரேடியோவுக்கு எல்லாம் செய்கிற மாதிரி சந்தனத்தைக் குழைத்துப் பொட்டும் வைத்தார். எங்கே வைத்தார் தெரியுமா? கார்டில் தங்கக் கலரில் ஒரு சதுரம் இருக்குமே, அங்கே. “அதுதான் நெத்தி மாதிரி இருந்துச்சு” என்றார். லுணுகலை டவுனில் பேங்க் மெஷினுக்குள் விட்டால், உள்ளே இழுத்து, யோசித்து, துப்பிவிட்டது. துடைக்காமல் மறுபடியும் விட்டார், மறுபடியும் துப்பியது. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நம்மவர்கள்தான். “சாமிக்குப் படைச்சதை மெஷினுக்குக் குடுத்தா தீட்டாயிருச்சு போல” என்று ஒருத்தன் சொன்னான். உங்கப்பா அந்தக் கார்டை என் சேலை முந்தானையால் துடைத்துத் தரச் சொன்னாரே தவிர, பொட்டு வைத்தது தப்பு என்று இன்றைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. “பொட்டு வச்ச அன்னைக்கு வரலை, ஆனா அதுக்குப் பெறகு ஒருநாளும் வராம இருக்கலையே” என்பார். நம் ஆட்கள் புதுசுக்குப் பயந்தவர்கள் என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லு. புதுசு வந்தால் நாங்கள் பொட்டு வைத்து உள்ளே அழைக்கிறவர்கள். அந்தப் புதுசு எங்களைத் துப்பினால்தான் கொஞ்சம் யோசிப்போம்.

இனி நான் ஏன் ஒளிந்தேன் என்பதற்கு வருகிறேன். தைப்பொங்கலுக்கு வந்தபோது நீ எனக்குப் புதுப் போன் வாங்கித் தந்து, அதில் உன் பேங்க்கையும் இறக்கிக் கொடுத்துவிட்டுப் போனாய். ஒரு எண் வரும், அதை அடித்தால் திறக்கும், யாரிடமும் சொல்லக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னாய். எல்லாம் சரி. ஆனால் பேங்கில் கணக்குத் திறந்த நாளில் நான் கொடுத்த நம்பர் உங்கப்பாவுடையது. அப்போது வீட்டில் இருந்தது அந்த ஒரு பொத்தான் போன்தானே. ஆக, எண் போய்ச் சேருவது அவருடைய பழைய போனுக்கு. அவர் சிம் ஒரு கம்பனி, என் சிம் ஒரு கம்பனி. எனக்குச் சிக்னல் கிடைப்பது பிள்ளைக்காம்பரா ஜன்னலில். அவருக்குச் சிக்னல் கிடைப்பது மேலே, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்துப் பாறையில். நடுவில் ஒரு மலை நிறையத் தேயிலை, தேயிலை நிறையப் பொம்பளைகள்.

ஒருநாள் மின்சாரப் பில்லைப் போனிலேயே கட்டிவிட வேண்டும் என்று எனக்கு வீம்பு வந்தது. உங்கப்பாவைப் பாறைக்கு அனுப்பினேன். நான் இங்கே ஜன்னலில் அமுக்கினேன். அவருக்கு எண் வந்தது. மனுசன் இறங்கி வந்து சொல்வதற்குள் நேரம் முடிந்துவிடும் என்று தெரிந்து, நின்ற இடத்திலிருந்தே வாயைக் குவித்துக்கொண்டு, “ஏழேய்! ரெண்டேய்! சைபரேய்!” என்று கூவினார். பாதி வழிக்குமேல் சத்தம் இறங்கவில்லை. நடுமலையில் பறித்துக்கொண்டிருந்தது நம் செல்லம்மா. என்னிடம் கடைசிப் பிள்ளையை விட்டுப் போகிறவள், ஊருக்கே வாய். கொழுந்து நிறை கூப்பிட்டுப் பழகிய தொண்டை சும்மா இருக்குமா? வாங்கி, அடுத்த தேயிலை நிரையில் பறித்தவர்களுக்குக் கூவினாள். அவர்கள் கீழ் நிரைக்கு. “ஆயம்மாவுக்கு ஏழு! ரெண்டு! சைபர்!” என்று எண் ஒவ்வொரு நிரையாக இறங்கி வருகிறது. கங்காணி எங்கிருந்தோ, “என்னடி அங்க, ஏலமா போடுறீங்க?” என்று கத்துகிறார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எழுதியிருந்த எண்ணை உன் அப்பா ஒரு மலைக்கே சொல்லிவிட்டார். கடைசி இலக்கம் என் ஜன்னலுக்கு வந்து சேரும்போது போன் ‘நேரம் முடிந்தது’ என்றது. மறுபடியும் கேட்டேன், மறுபடியும் புது எண், மறுபடியும் ஏலம். அதற்குப் பிறகு உன் பேங்க் என்னைச் சந்தேகப்பட்டு, ‘பாதுகாப்புக் காரணங்களுக்காக’ என்று கணக்கைப் பூட்டியது. யாரிடமிருந்து பாதுகாப்பு? எண் தெரிந்த இத்தனை பேரில் ஒருத்தி ஒரு சதத்தைத் தொட்டாளா?

அன்றிலிருந்து எனக்கு மலையில் பெயர் ‘ஏழு ரெண்டு சைபர்’. “ஏழு ரெண்டு சைபர் வருது, தொட்டிலைக் கட்டுங்கடி” என்பார்கள். பூட்டைத் திறக்கப் பதுளைக்கு உன் கிளைக்கு வர வேண்டும். வந்தால் உன் கூட வேலை செய்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று வராமலே இருந்துவிட்டேன். இப்போது சொல், நீ மைக்கில் என்னை முன்னுக்குக் கூப்பிட்டால் நான் எப்படி வருவேன்? நான் மேடையில் ஏறியதும் மலையே சேர்ந்து அந்த எண்ணைக் கூவியிருக்கும். உன் மானத்தைக் காப்பாற்றத்தான் ஒளிந்தேன் என்று எழுதலாமா என்று பார்த்தேன். வேண்டாம், என் மானத்தைத்தான்.

என் கதையை விடு. மற்றவர்கள் ஏன் வரவில்லை? உன் துண்டுப் பிரசுரத்தில் பெரிய எழுத்தில் என்ன போட்டிருந்தது? ‘வீட்டில் இருந்தபடியே எல்லாம்!’ என்று. அதை எழுதினவர் ஒரு ஆம்பிளையாகத்தான் இருக்க வேண்டும். செல்லம்மா அதை வாங்கி வாசித்துவிட்டு, அதிலேயே பிள்ளைக்கு மூக்கைத் துடைத்தாள். “ஆயம்மா, வீட்டுல இருந்தபடியே நான் பாக்காத வேலை இன்னும் என்ன இருக்காம்?” என்றாள். அவளுக்குச் சம்பளம் விழுந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையை நீ பார்த்திருக்கிறாயே. இருக்கிறதில் நல்ல சேலை, தலையில் பூ, பஸ்ஸில் ஜன்னலோரம். லுணுகலையில் மெஷின் முன்னால் நம் தோட்டத்துப் பொம்பளைகள், அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பொம்பளைகள் எல்லாரும் வரிசை. நீ அந்த வரிசையைப் பார்த்து, “பாவம், எவ்வளவு நேரம் கால் கடுக்க நிக்கிறாங்க” என்றாய். மகளே, அது வரிசை இல்லை, திருவிழா. எவள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள், எந்தத் தோட்டத்துத் துரைக்கு மாற்றம் வந்திருக்கிறது, எந்தக் கடையில் சட்டைத் துணி மலிவு, இத்தனையும் அங்கேதான் கைமாறும். செல்லம்மா சொல்லுவாள்: “மெஷின்ல காசு முடிஞ்சு போச்சுன்னா இன்னும் விசேஷம், ஆயம்மா. பதுளைக்கே ஒரு நடை போயிட்டு வரலாம்.”

காசை எடுத்த பிறகு என்ன செய்வாள் தெரியுமா? கடையில் போய் உட்கார்ந்து, ஒரு பால் தேத்தண்ணியும், உள்ளே கறி வைத்துப் பொரித்த ஒரு ரோல்ஸும் சொல்லுவாள். “அந்த ரோல்ஸ முழுசா நானே திம்பேன். வீட்டுக்கு வாங்கிட்டுப் போனா ஆளுக்கொரு கடி கடிச்சு, எனக்கு ஓரந்தான் மிஞ்சும்” என்றாள். புருஷனும் மாமியாரும் கேள்வி கேட்காமல் அவளை வெளியே விடுகிற ஒரே வார்த்தை ‘பேங்குக்குப் போறேன்’. நீ வந்து, இனி போகவே தேவையில்லை என்று மைக்கில் சொன்னாய். அவள் என்னிடம் சொன்னது இதுதான்: “ஒங்க மக நல்ல புள்ளதான். ஆனா சம்பளம் போனுக்குள்ளேயே இருந்தா, நான் என்னத்தச் சொல்லிட்டு லுணுகலைக்குப் போறது? நீங்களே ஒரு பொய் சொல்லிக் குடுங்க, நாளைக்கே சேந்துர்றேன்.” இதில் விழிப்புணர்வுக்கு என்ன குறைச்சல்? எனக்கென்னவோ அது கூடிப்போய்த்தான் இவர்கள் வரவில்லை என்று தோன்றுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. நம் தோட்டத்தில் உன் பேங்க்கைப் போனில் ஒருத்தி பாவிக்கிறாள். உனக்கே தெரியாது, ஏனென்றால் அவள் யாருக்கும் சொல்லவில்லை. கடைசி லயத்து ராசமணி. பேசவே காசு கேட்கிறவள் மாதிரி அமைதியானவள். அவள் புருஷன் ஆறுமுகம் நல்ல மனுசன்தான், சம்பளம் விழும் நாளைத் தவிர. முன்பு கார்டு அவன் கையில் இருந்தது. பிறகு இவள் சண்டை போட்டுக் கார்டை வாங்கினாள். ஆனால் சம்பளம் விழுந்ததும் போனில் ‘டிங்’ என்று ஒரு சத்தம் வருமே, அதை என்ன செய்வது? லயத்துச் சுவரைத்தான் நீ அறிவாய், இந்தப் பக்கம் ஏப்பம் விட்டால் அந்தப் பக்கம் ‘என்ன கறி?’ என்று கேட்பார்கள். ஒரு காம்பராவில் டிங் என்றால் லயம் முழுக்கச் சம்பளம் வந்ததாக அர்த்தம். ராசமணி சேலையை மாற்றி முடிப்பதற்குள் ஆறுமுகம் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய், அவளுக்கு முன்னால் நின்று சிரித்துக்கொண்டிருப்பான். அதனால் அவளுக்குப் போன் என்றாலே ஒரு காட்டிக்கொடுப்பான். அதற்குள் பேங்க்கையும் வைக்கச் சொன்னால் வைப்பாளா?

அவளை மாற்றியது எந்தக் கூட்டமும் இல்லை, மழை. அவள் மகள் பதுளையில் ஒரு விடுதியில் தங்கி, தாதிப் படிப்புக்குப் போகிறாள். ஒரு மழையில் மண் சரிந்து ரோட்டு மூடிவிட்டது. பஸ் இல்லை. அன்றைக்குத்தான் மகள் பரீட்சைக் கட்டணம் கட்ட வேண்டிய கடைசி நாள். ராசமணி பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நின்று விஷயத்தைச் சொன்னாள். நான் ஆட்டோ ஓட்டுகிற குமாரைக் கூப்பிட்டேன். அவன் அவளுடைய போனிலேயே எல்லாவற்றையும் இறக்கி, எங்கெங்கோ தட்டி, இந்த ஜன்னலில் நின்றபடியே காசைப் பதுளைக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் மகள் போன் எடுத்து, “அம்மா, வந்துருச்சும்மா” என்றாள். ராசமணி போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு குமாரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? எவ்வளவு நேரம் மிச்சம், எவ்வளவு பஸ் காசு மிச்சம் என்றெல்லாம் கேட்கவில்லை. “தம்பி, இந்த டிங் சத்தத்த நிப்பாட்டலாமா?” என்றாள். நிப்பாட்டலாம் என்றான். “அப்ப எனக்கு இது வேணும்” என்றாள்.

அதற்குப் பிறகுதான் வேடிக்கை. குமார் விரலை வைத்தால் திறக்கிற மாதிரி போட்டுத் தருகிறேன் என்றான். ராசமணி பெருவிரலை வைத்தாள், போன் ஒத்துக்கொள்ளவில்லை. ஆள்காட்டி விரலை வைத்தாள், இல்லை. நடு விரலும் இல்லை. இத்தனை வருசம் கொழுந்து கிள்ளி, கறை ஏறி, வெடித்து, அந்த விரல்களில் ரேகை என்று ஒன்று இருந்ததற்கே அடையாளம் இல்லை. “எங்களையெல்லாம் ஆளாவே சேக்காது போல” என்று கையை இழுத்துக்கொண்டாள். நான்தான், வம்புக்காரி, “சுண்டுவிரலை வச்சுப் பாரு புள்ள, அது ஒண்ணுதான் மலையில சும்மா இருக்கிறது” என்றேன். வைத்தாள். போன் ஒரு துள்ளுத் துள்ளித் திறந்தது. இத்தனை காலமும் ஒரு வேலையும் செய்யாமல் ஒட்டிக்கொண்டு வந்த விரலுக்கு அன்றைக்கு உத்தியோகம் கிடைத்தது.

ஆறுமுகத்துக்கு எப்படியோ வாடை பிடித்தது. டிங் வரவில்லை, ஆனால் மகளுக்குக் காசு போகிறது. ஒரு ஞாயிறு மத்தியானம் ராசமணி சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்திருக்கிறாள். அவன் மெதுவாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவள் கையைப் பிடித்தானாம். “ஆயம்மா, கலியாணத்துக்குப் பெறகு அந்த மனுசன் என் கையப் புடிச்சதே இல்ல. எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சே நின்னுருச்சு” என்று சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு. பெருவிரலை எடுத்துப் போனில் வைத்தான். பிறகு அடுத்த விரல். பிறகு அடுத்தது. இந்தக் கை முடிந்ததும், மெல்ல, பூவைத் தூக்குகிற மாதிரி அந்தக் கையை எடுத்தானாம். இவள் கண்ணை மூடிக்கொண்டே படுத்திருந்தாள். “எந்திரிச்சுத் திட்டியிருக்கலாமே?” என்று கேட்டேன். “திட்டியிருக்கலாம். ஆனா கை அவ்வளவு பதமா இருந்துச்சு, விட்டுட்டேன்” என்றாள். சுண்டுவிரலை அவன் நினைத்தே பார்க்கவில்லை. அவ்வளவு சின்ன விரலில் யார் பேங்க்கை வைப்பார்கள்?

மகளே, இதைத்தான் உன் மேனேஜருக்குச் சொல்ல வேண்டும். ஒருத்தி வேண்டாம் என்பதற்கும் இன்னொருத்தி வேண்டும் என்பதற்கும் காரணம் ஒன்றேதான். செல்லம்மாவுக்குத் தனக்கென்று ஒரு நாள் வேண்டும், அதைப் போன் பிடுங்கிவிடுமோ என்று பயம். ராசமணிக்குத் தனக்கென்று ஒரு மூலை வேண்டும், அதைப் போன் தந்துவிட்டது. இரண்டு பேரும் உன் பேங்க்கைப் பற்றி யோசிக்கவே இல்லை, தங்கள் வீட்டைப் பற்றித்தான் யோசித்தார்கள். நீ ‘வேகம், வசதி, பாதுகாப்பு’ என்று மைக்கில் அடுக்கினாய். இங்கே வேகத்துக்கு யாருக்கு அவசரம்?

அதனால் அடுத்த தரம் கூடாரத்தோடு வராதே. சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு லுணுகலைக்கு வா. அந்த வரிசையில் நீயும் போய் நில்லு, மைக் இல்லாமல். யார் வீட்டு மாப்பிள்ளை என்று பேச்சு வரும், நீயும் பேசு. பிறகு கடையில் உட்கார்ந்து நீயும் ஒரு ரோல்ஸ் சாப்பிடு. அப்போது சொல்லு: போனில் பேங்க் இருந்தாலும் மெஷினுக்கு வர யாரும் தடுக்க மாட்டார்கள் என்று. வீட்டில் யாரும் அதை அறிய வேண்டியதுமில்லை என்று. டிங் சத்தத்தை நிப்பாட்டுவது எப்படி என்று முதலில் காட்டு, மற்றதெல்லாம் பிறகு. விரல் திறக்காவிட்டால் சுண்டுவிரலை வைக்கச் சொல்லு, ஆனால் எந்த விரல் என்று யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லு. ராசமணி கதையை அங்கே எடுத்துவிடாதே. நான் உனக்கு எழுதியதே பெரிய துரோகம். அதைப் பெயர் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன், கண்டுபிடிக்க முயலாதே.

என் பூட்டையும் திறந்து தா. வரும் செவ்வாய்க்கிழமை பதுளைக்கு உன் கிளைக்கு வருகிறேன், அதே பச்சைச் சேலையில். உன் மேனேஜர் இருந்தால், “இவங்க எங்க அம்மா” என்று நீயே சொல்லிவிடு, என் வாயை நம்பாதே. உன் கூட வேலை செய்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஒரு மலையே சிரித்த பிறகு ஒரு கிளை எம்மாத்திரம்? நம்பரை என் போனுக்கே மாற்றிவிட்டால், உங்கப்பா பாறை ஏறத் தேவையில்லை. அதில் அவருக்குத்தான் கொஞ்சம் வருத்தம். எத்தனையோ பேர் தன் குரலுக்குக் காது கொடுத்த நாட்கள் அவை என்று நினைக்கிறார். போன வாரம் குமார் உதவியோடு மின்சாரப் பில்லை அவன் போனிலேயே கட்டிவிட்டேன், அதையும் சொல்ல வேண்டும். கட்டிவிட்டு, உண்மையாகவே கட்டியாகிவிட்டதா என்று கேட்டு வர பஸ் பிடித்து லுணுகலைக்குப் போனேன். போனது போனேன், ஒரு ரோல்ஸும் சாப்பிட்டேன். முழுசாக. செல்லம்மா சொன்னது எவ்வளவு சரி என்று அப்போதுதான் புரிந்தது.

ஆகவே, அந்த விண்ணப்பத்தைத் திருப்பி வாங்கு. உன்னை யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. அவர்கள் வராததற்குப் பின்னால் இத்தனை ஆழமான காரணங்கள் இருக்கின்றன. இதை உன் பல்கலைக்கழகத்தில்கூடச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டு, பிள்ளையை எடுக்க வந்த செல்லம்மாவுக்கு அவளைப் பற்றிய பகுதியைப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். ரோல்ஸ் வரும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, “எல்லாம் நெசந்தான் ஆயம்மா. ஆனா அன்னைக்கு நாங்க வராததுக்கு இதெல்லாம் இல்லீங்களே” என்றாள்.

“பின்ன என்னடி?”

“ஒங்களுக்குத் தெரியாது, பிள்ளைக்காம்பராவுக்குத்தான் தனிக் குழாய் இருக்கே. லயத்துக் குழாய் ஒடஞ்சு தண்ணி இல்லாம கெடந்துச்சு. ஒங்க மக மைக்கப் புடிச்ச நேரத்துலதான் அதச் சரிபண்ணி, தண்ணி வந்துச்சு. எல்லாரும் வாளியத் தூக்கிட்டு ஓடிட்டோம்.”